மைனஸ் எட்டு

கெர்னலுக்கு விளக்கக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு வாசகர் கடிதம் வருவதில்லை. ஹெப்சிபாவுக்கு ஏழு வருஷம் கழித்து ஒன்று வந்தது.

கணினியின் அடிமட்டத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பது கெர்னல். வெளியிலிருந்து எந்தக் கருவியை மாட்டினாலும், அதோடு பேசக் கெர்னலுக்கு ஒரு இடையாள் வேண்டும். அந்த இடையாள்தான் டிரைவர். சாத்தூரில் மாடியறையில் உட்கார்ந்து டிரைவர் எழுதுவது ஹெப்சிபாவின் பிழைப்பு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் டிரைவர் ஓட ஆரம்பித்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எந்தக் கோப்பில் எந்த எண் வரும், எந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து எழுத ஒருவருக்கும் பொறுமை கிடையாது. ஹெப்சிபாவுக்கு அந்தப் பொறுமை உண்டு. கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஏழு வருஷத்துக்கு முன் அவள் டிரைவர் எழுதிக் கொடுத்தது, பொட்டுக்கடலை அளவில் இருக்கும் ஒரு வெப்பமானிச் சென்சாருக்கு. அதற்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் குறிப்பு. அதில் 'திருத்த எண்' என்று ஒரு பத்தி. சூடாகும் பாகம் எதற்காவது பக்கத்தில் சென்சாரைப் பொருத்தினால் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். எத்தனை டிகிரி கூடுதலோ அதை இந்தக் கோப்பில் எழுதினால் கழித்துக்கொள்ளும். எட்டு டிகிரிவரை கழிக்கலாம். அந்த எட்டை அவளேதான் வைத்தாள். பத்து அதிகமாகப் பட்டது, ஐந்து போதாது என்று தோன்றியது, அவ்வளவுதான் காரணம். பத்தியை மூன்று தடவை திருத்தி எழுதி, கடைசியில் வழக்கப்படி தன் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் போட்டாள். உலகம் முழுக்க அந்தக் குறிப்பு கெர்னலோடு சேர்ந்து போனது. ஒரு ஈ காக்கை எழுதவில்லை.

இப்போது எழுதியவன் பெயர் விக்னேஷ்குமார். ஊர் சிவகாசி. பட்டாசு ஆபீஸ்களுக்கு (பட்டாசுத் தொழிற்சாலைக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் பெயர்) வெப்ப எச்சரிக்கைப் பெட்டி மாட்டும் கம்பெனியில் டெக்னீஷியன். மேடம், உங்கள் குறிப்பைப் படித்துத்தான் வேலை செய்கிறேன், மிகவும் தெளிவாக இருக்கிறது, திருத்த எண்ணை எட்டுக்கு மேல் வைக்க வழி உண்டா, சித்திரை மாசம் எட்டு போதவில்லை என்று எழுதியிருந்தான்.

ஹெப்சிபாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உலகத்தை எல்லாம் விட்டுவிட்டு, கூப்பிடு தூரத்தில் சிவகாசியில் ஒரு வாசகன். எட்டு டிகிரிக்கு மேல் தப்புக் காட்டுகிறதென்றால் சென்சாரில் கோளாறு இருக்க வேண்டும் என்று அவள் புத்தி போனது. பெட்டியை எங்கே மாட்டியிருக்கிறீர்கள், உள்ளே பக்கத்தில் என்ன பாகம் இருக்கிறது, போட்டோ அனுப்புங்கள் என்று மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினாள். போட்டோ வந்தது. சூடாகிற பாகம் ஒன்றும் பக்கத்தில் இல்லை. சாத்தூர்ப் பக்கம் வந்தால் பெட்டியைக் கொண்டுவாருங்கள், நானே பார்க்கிறேன் என்றாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அப்படித்தான்.

பெட்டியோடு வந்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மோர் குடித்தான். ஹெப்சிபா பெட்டியைத் தன் மேசைமேல் வைத்து, திருத்த எண்ணைச் சைபராக்கி, தன்னிடமிருந்த நல்ல வெப்பமானியைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. அரை டிகிரிகூட வித்தியாசமில்லை.

"சென்சார் நல்லாத்தான இருக்கு. பெறகு எதுக்குக் கழிக்கிறீக?" என்று கேட்டாள்.

அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது கொஞ்சம் சங்கடப்பட்டான். ஆனால் மறைக்கவில்லை. வெடிமருந்து செலுத்தும் அறையில் முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் பெட்டி ஊத வேண்டும், ஊதினால் வேலையை நிறுத்த வேண்டும், அளவெல்லாம் தானாகவே காப்பீட்டுக் கம்பெனிக்குப் போய்விடும். அதுதான் அவர்கள் போட்ட நிபந்தனை. தகரக் கூரைக்குக் கீழே பதினோரு மணிக்கே முப்பத்தெட்டு வந்துவிடுகிறது. தினமும் மத்தியானம் ஆபீசை மூடினால் ஆர்டர் என்னாவது? அதனால் மைனஸ் எட்டு. நாற்பத்தைந்து இருந்தால் முப்பத்தேழு என்று காட்டும். எல்லாருக்கும் நிம்மதி. இந்த வருஷ வெயிலில் நாற்பத்தாறு தாண்டுகிறது, அதனால்தான் பன்னிரண்டு கேட்கிறார்கள்.

"மத்தவுக எழுதுனது ஒண்ணும் வெளங்காது மேடம். ஒங்களது மட்டுந்தான் தமிழ்ல படிச்ச மாதிரி இருந்துச்சு. அதப் பாத்துத்தான் கண்டுபுடிச்சேன்" என்றான். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னான்.

எந்த ஆபீஸ் என்று அவள் கேட்டாள். தாயில்பட்டிப் பக்கம் என்று பெயரைச் சொன்னான். மாரித்தாய் போகிற ஆபீஸ் அதுதான்.

மாரித்தாயும் ஹெப்சிபாவும் பத்தாவதுவரை ஒரே பெஞ்சு. பத்தாவதுக்குப் பிறகு இவள் காலேஜ் பஸ் ஏறினாள், அவள் ஆபீஸ் பஸ் ஏறினாள். பதினெட்டு வருஷமாக மாரித்தாய் மருந்து அறையில் இருக்கிறாள். வருஷா வருஷம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் தேங்காய் பழத்தோடு முதலில் இந்த வீட்டுப் படிதான் ஏறுவாள். கிறிஸ்துமஸ் முறுக்கு முதல் டப்பா அவளுக்குப் போகும். அவளுடைய உயிரும் வெயிலும் ஒரு எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கின்றன, அந்த எண்ணை மாற்றுவது எப்படி என்று விளக்கி எழுதியவள் நான் என்று ஹெப்சிபாவுக்கு உறைத்தது.

லிமிட்டைக் கூட்ட முடியாது என்று விக்னேஷ்குமாரிடம் சொல்லி அனுப்பினாள். அவன் கோபப்படவில்லை. இல்லையென்றால் ஈரத் துணியைச் சுற்றி வைப்பார்கள், அதுவும் சரிப்படாவிட்டால் வயரைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

அன்றைக்கே ஹெப்சிபா டிரைவரைத் திருத்தினாள். எட்டை எடுத்துவிட்டு இரண்டு என்று போட்டாள். ஒரு வரி மாற்றம். கெர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பெரியவர் கடல் தாண்டி எங்கோ இருக்கிறார், அவருக்கு அனுப்பினாள். இரண்டு நாளில் மரியாதையாகப் பதில் வந்தது. ஏதோ ஒரு ஊர்ப் பால் குளிர்கிடங்கில் சென்சார் சூடான பாகத்தை ஒட்டி இருக்கிறது. அவர்கள் ஐந்து டிகிரியை நியாயமாகவே கழிக்கிறார்கள். இரண்டாக்கினால் அவர்களுடைய ஏற்பாடு உடைந்துபோகும். ஒருமுறை வெளியே கொடுத்துவிட்ட வசதியைத் திரும்ப வாங்கக்கூடாது என்பது நம் விதி, உங்களுக்குத் தெரியாததல்ல என்று எழுதியிருந்தார்.

தெரியாததல்லதான். அதே விதியைச் சொல்லி அவளே எத்தனையோ பேரின் திருத்தத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். பெரியவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். அவர் ஒப்புக்கொண்டிருந்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. சுவரில் தொங்குகிற பெட்டிகளில் ஓடுவது மூன்று வருஷத்துக்கு முந்தைய கெர்னல், அதை யாரும் புதுப்பிக்கப் போவதில்லை.

காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துக்கொண்டாள். அனுப்புமுன் மாரித்தாயிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போனாள்.

மாரித்தாய் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் எத்தனை தேய்த்தாலும் போகாமல் இருந்தது. ஹெப்சிபா எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி பொய் சொல்கிறது, எட்டு டிகிரி குறைத்துக் காட்டுகிறது, அதற்கு வழி எழுதியவள் நான்தான் என்றாள்.

மாரித்தாய் சோப்பு நுரையை வழித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அது பொய் சொல்லுதுன்னு எங்களுக்குத் தெரியாதா புள்ள? பொட்டிதான ஏமாறும். எங்க முதுகு ஏமாறுமா?"

பிறகு நிதானமாகச் சொன்னாள். பெட்டி மாட்டின புதிதில் தினமும் பதினோரு மணிக்கு ஊதியது. அறையைப் பூட்டிவிட்டார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி, பாதி நாளில் பாதி எண்ணிக்கை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். கூட வேலை பார்த்த பஞ்சம்மாள் தீப்பெட்டி ஒட்டப் போய்விட்டாள். மூன்றாவது வாரம் மருந்து அறைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போர்மேன் கருப்பணனிடம் போனார்கள்.

"நாங்கதான் சொன்னோம், அந்தச் சனியன் வாய அடைங்கன்னு. மொதலாளி சொல்லல. நாங்க."

ஹெப்சிபா கைப்பையிலிருந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். மாரித்தாயின் முகம் மாறியது. ஈரக் கையோடு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாத ஹெப்சி. ஆபீசுக்குச் சீல் வச்சிருவாக. எம் மக நர்சிங் முடிக்க இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. அதுவரைக்கும் ஒண்ணும் ஆவாது, மாரி பாத்துக்கிடுவா. நீ ஒண்ணும் எழுதாத."

எழுத்துதான் ஹெப்சிபாவுக்குத் தெரிந்த ஒரே வேலை. அதைத்தான் செய்யாதே என்கிறாள். செய்யாவிட்டால் இவள் நாற்பத்தாறு டிகிரியில் மருந்தோடு உட்கார்ந்திருப்பாள். செய்தால் வீட்டில் உட்கார்ந்திருப்பாள், மகளும் உட்கார்ந்திருப்பாள். ஹெப்சிபாவால் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. கடைசியில் வெட்கத்தைவிட்டு ஒன்றுதான் கேட்டாள். சாயங்காலம் ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு, தினமும் கொடு என்றாள்.

"பைத்தியமா நீ" என்று மாரித்தாய் சிரித்தாள். ஆனாலும் சரி என்றாள்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை மேசை இழுப்பில் போட்டாள். கிழிக்க மனசு வரவில்லை, அனுப்பவும் வரவில்லை. பிறகு கணினியைத் திறந்து, ஏழு வருஷத்துக்கு முன் எழுதிய பத்தியின் கீழே ஒரு வரி சேர்த்தாள். 'இந்த எண்ணை மாற்றினால் திரையில் தெரிவது மாறும்; அறையின் வெப்பம் மாறாது.' அதைப் பெரியவருக்கு அனுப்பினாள். இந்த முறை மறுப்பு ஏதும் வரவில்லை. நல்ல வரி, சேர்த்துக்கொண்டேன், நன்றி என்று மறுநாளே எழுதிவிட்டார். யாருக்கும் எதையும் உடைக்காத வரியல்லவா.

வியாழக்கிழமை விக்னேஷ்குமாரிடமிருந்து கடிதம் வந்தது. மேடம், இணையத்தில் புது வரியைப் படித்தேன், ரொம்பத் தெளிவாக இருக்கிறது. லிமிட்டை மட்டும் பன்னிரண்டாக்கித் தர முடியுமா?

அவள் பதில் எழுதவில்லை. மணி இரண்டரை. அவள் மேசையிலும் அதே சென்சார் இருக்கிறது, அவளே எழுதிய அதே டிரைவர், திருத்த எண் சைபர். நாற்பத்தொன்று என்று காட்டியது. இது ஓட்டு வீடு. மேலே மின்விசிறி சுழல்கிறது. தகரத்துக்கு எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. போனை எடுத்து மாரித்தாயைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அது தெரிந்த விஷயம்தான். பட்டாசு ஆபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாட்ச்மேன் பெட்டியில் அணைத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பாதுகாப்பு விதி. அந்த விதியை மட்டும் அங்கே யாரும் மீறுவதில்லை.

மூன்று மணிக்கும் கூப்பிட்டாள். நாலரைக்கும் கூப்பிட்டாள். ஐந்தரைக்கு மேல் வேலை எதுவும் ஓடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தி வைத்தாள். ஆறு மணி ஆனது. ஆறு பத்து ஆனது. ஆறேகாலுக்குப் போன் ஒரு தடவை அடித்து நின்றது.

ஹெப்சிபா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நாளைக்கு இதைவிட இரண்டு டிகிரி ஏறும் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.