உடனே வந்த ‘இல்லை’

வாய்விட்டுப் பேச முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதி உதவி கேட்கும் அவசர மையம் எங்களுடையது. செய்தியோடு அவர்களுடைய இணைய முகவரி எண்ணும் வரும். எந்த எண் முதல் எந்த எண் வரை எந்தப் பகுதி என்று தரவுத்தளத்தில் பல லட்சம் வரிகள் இருக்கின்றன. முன்பு அத்தனையையும் மேலிருந்து கீழ்வரை பார்த்து, நாற்பது விநாடியில் பதில் வரும். ஆறு மாதத்துக்கு முன் நான் அதற்கென்றே தனியாக ஓர் இண்டெக்ஸ் கட்டினேன், எண்ணைப் போட்டதும் நேராக அதற்குரிய வரிக்கே போகும் குறிப்பேடு மாதிரி. கண் மூடித் திறப்பதற்குள் பதில். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒரு வாரம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நேற்றுக் காலை ஒரு பெண் எழுதினாள்: “கதவ உடைக்கிறார்.” அதோடு இணைப்பு போய்விட்டது. பணியிலிருந்த அக்கா எண்ணைப் போட்டுத் தேடினார். ‘இல்லை’ என்று வந்தது, உடனே.

இன்று என் மேசைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, பழைய முறையில ஒரு தடவ தேடிப் பாரேன். மனசு கேக்கல.”

“ரெண்டும் ஒரே பட்டியல்தான்க்கா. இல்லன்னா இல்லதான்.”

எரிச்சலோடுதான் தேடினேன். நாற்பதாவது விநாடியில் பகுதியின் பெயர் வந்தது.

ஓர் இணைய நிறுவனத்தின் பெரிய எண் தொகுதிக்கு நடுவே சின்னத் துண்டு ஒன்றை வேறொருவருக்கு விட்டிருக்கிறார்கள், வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவதுபோல. அந்தப் பெண்ணின் எண் இருந்தது அந்தத் துண்டுக்கு அடுத்து, பெரிய தொகுதியில். தொகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று வராது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதனால் என் இண்டெக்ஸ் அந்த வாடகை அறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருமே இல்லை என்று திரும்பியிருக்கிறது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. சோதித்த நூறு எண்களும் சரியாகத்தான் வந்தன. நூறையும் பொறுக்கியவன் நான்தானே!

அக்கா அந்தப் பகுதிக் காவல் நிலையத்தோடு பேசினார். அவர்களுக்கு ஏற்கெனவே வீடு தெரிந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டார் சொல்லி, அந்தப் பெண்ணின் உடலை எடுத்துப் போயிருக்கிறார்கள்.

மதியத்துக்குள் பிழையைத் திருத்தினேன். “சரி பண்ணியாச்சுல்ல, விடுப்பா” என்றார் மேலாளர். அக்கா விடவில்லை.

“இதுக்கு முன்னாடி ‘இல்ல’ன்னு வந்ததெல்லாம்?”

எல்லாவற்றையும் மறுபடி தேடினேன். பதினேழு பேருக்குப் பகுதி வந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்துக்கொண்டு, “மொத ஆள் எப்ப எழுதுனாங்க?” என்றுதான் கேட்டார்.

“அஞ்சு மாசம் ஆச்சுக்கா.”

எடுத்த போனை மடியில் வைத்துக்கொண்டார்.