வியாழக்கிழமை வகுப்பு

ஏழே முக்காலுக்கு மகளின் அறைக் கதவு இன்னும் திறக்கவில்லை. கல்லூரிப் படிவம் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குவளைக்கு அடியில் கிடந்தது. பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தவறினால் இந்த வருடம் சேர்க்கை இல்லை. நுழைவுக் கட்டுரையில் மதிப்பெண் குறைந்தவர்கள் முதல் பருவம் முழுக்க ‘அடிப்படை எழுத்துப் பயிற்சி’ என்ற வகுப்பில் உட்கார வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. நேற்று மாலை அதைப் படித்துவிட்டு அறைக்குள் போனவள்தான்.

மனைவி கூடத்தில் தன் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுடையது. எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். கையை நிறுத்தாமல் கதவைப் பார்த்துப் பேசினாள்.

“வெளிய வா. கட்டுரை வரலைன்னு சொல்றியே, நீ யாரு பொண்ணு? உங்கப்பா எழுதின கடிதத்தைப் படிச்சுட்டுத்தான் உங்க தாத்தாவே, லிஃப்ட் ரிப்பேர் பண்றவனா இருந்தா என்ன, நல்ல பையன்தான்னு இறங்கி வந்தாரு.”

“அதத்தாம்மா நானும் சொல்றேன்,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “அவருக்கு வந்துச்சு, எனக்கு வரலை. மக்குங்களோட போய் உக்கார என்னால முடியாது. எங்கயாவது கடையில வேலைக்குப் போறேன், விடு.”

லிஃப்ட் மெக்கானிக் தோளில் மாட்டிய கருவிப் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் அந்தக் கடிதங்களுக்குத் தனி மரியாதை. விருந்தாளி யார் வந்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கே வந்து நிற்கும். அப்போதெல்லாம் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். கூச்சம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதே கல்லூரிதான். அவர் படித்தது மாலையில். அடித்தளத்தில், உடைந்த நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்த அறைக்குப் பக்கத்து அறை. வியாழக்கிழமை ஆறு மணிக்குப் பதினோரு பேர். ஆசிரியை குள்ளமான பெண்மணி; சிவப்பு மையைத் தொடமாட்டார், பென்சில்தான். அவர் வைத்த விதி, நிஜமாக ஒருவருக்கு அனுப்பப் போவதை மட்டுமே எழுத வேண்டும் என்பது. எழுதியதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். கேட்பவர்கள், புரியாத இடத்தில் கையைத் தூக்க வேண்டும். ரொட்டிக் கடைக்காரர் மகனுடைய தலைமை ஆசிரியருக்கு எழுதினார். காவலாளி அக்கா ஒழுகும் கூரையைப் பற்றி வீட்டின் சொந்தக்காரருக்கு எழுதினாள், மூன்று வாரம் அதையே. மெக்கானிக்குக்கும் எழுத ஒருத்தி இருந்தாள். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவள். பழுதைச் சரிசெய்தபடியே வெளியிலிருந்து இருபது நிமிடம் அவளுக்குப் பேச்சுக் கொடுத்தார். அடுத்த மாதமே அவள் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

முதல் கடிதத்தை அவர் படித்து முடித்தபோது பத்துக் கைகளும் மேலே நின்றன.

“ஏன்டா லிஃப்ட்டு, இதுல மோட்டார் இருக்கு, கம்பி இருக்கு, கிரீஸ் இருக்கு. பொண்ணு எங்கடா?” என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

ஆசிரியை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மெக்கானிக்குக்கும் சிரிப்பு வந்தது. தனக்கு எழுத வராது என்பதை நினைத்து அவர் சிரித்தது அன்றுதான். பிறகு வியாழக்கிழமை எப்போது வரும் என்றிருந்தது. உள்ளே நுழையும்போதே “பதில் வந்துச்சா?” என்பார்கள். அவர் பதிலைப் படித்துக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் தங்கள் தாளை எடுப்பார்கள். அவள் சம்மதம் எழுதிய வாரம் ரொட்டிக் கடைக்காரர் ஒரு தட்டு நிறைய பன் கொண்டுவந்தார், சூடு ஆறாமல். இப்போதும் ஏதாவது கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது, ஈரச் சுவர் வாடைக்கு நடுவே, அவருக்கு அந்த பன் மணக்கும்.

மணி எட்டு. அவர் கதவருகே போய் நின்றார்.

“குட்டி, நானும் அந்த வகுப்புதான்.”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

“சேரும்போது ஒரு பக்கம் எழுதச் சொன்னாங்க. நான் நாலு வரி எழுதினேன். அதுலயும் ரெண்டு வரி பக்கத்துல இருந்தவனோடது.”

கதவு ஒரு விரற்கடை திறந்தது. “அப்ப அம்மாவுக்கு எழுதினது?”

“உன்னை அனுப்பறதுக்காகக் கதை விடறாரு,” என்றாள் மனைவி, காலரை மடித்துப் போட்டுக்கொண்டே.

ஆமாம் என்று சிரித்துவிட்டால் போதும். வேலைக்குக் கிளம்பிவிடலாம். கதவிடுக்கில் மகளின் கண் தெரிந்தது, இரவெல்லாம் அழுது வீங்கி.

“கதையில்ல,” என்றார். “எல்லாமே அந்த வகுப்புல எழுதினது. நான் எழுதிட்டுப் போய்ப் படிப்பேன். பத்துப் பேரு திருத்துவாங்க. ஒரு கடிதத்தை ஆறு தடவை எழுதியிருக்கேன்.”

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “நீ பேசி முடித்த பிறகும் அந்த அறை உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது,” என்றாள். கடிதத்தில் இருந்த வரி, மனப்பாடம். “இது?”

“அங்க ஒரு காவலாளி அக்கா இருந்தாங்க. புருஷன் தவறிப்போனவங்க. அவரைப் பத்திப் பேசும்போது சொன்னாங்க. நீ வேணா எடுத்துக்கடா, எனக்கு அனுப்ப ஆளில்லைன்னாங்க.”

மகளிடமிருந்து, அடக்கி அடக்கி முடியாமல், ஒரு சிரிப்பு வந்தது. தலைமுடி கலைந்தபடி வெளியே வந்தாள். குவளையை நகர்த்திப் படிவத்தை எடுத்தாள். ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது.

“பத்துப் பேரு முன்னாடி படிக்கணுமா?”

“சத்தமா.”

“தலையெழுத்து,” என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, மேசையில் குனிந்து கையெழுத்துப் போட்டாள். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

மனைவி இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். சீருடையை மடித்தாள், மறுபடி பிரித்தாள். அவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டார். செருப்பில் ஒரு காலை நுழைத்தபோது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது, மகளுக்கு எட்டாதபடி.

“ஏங்க, நான் எழுதின பதில்… அதையுமா அங்க படிச்சீங்க?”