ஒரே ஒரு தடவை ஓடும் பிளாப்பி

1
சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. சொன்னவள் ஊசி குத்திய பரிசோதனைக்கூடக்காரி. கண் காது மூக்கு வைத்தது மட்டும் நான்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: “மழை ஓய்ந்த மாலையில் அந்தப் பழைய கணினி கண்விழித்து…”

[அடித்துவிட்டேன். கணினி கண்விழிக்காது. விசிறி உறுமும், சூடேறிய தூசி மணக்கும்.]

நேராகவே சொல்கிறேன். அவள் பழைய கணினி ஒன்றைத் தேடிப்பிடித்துத் தன் அறையில் வைத்திருந்தாள். பெட்டித் திரை, மஞ்சளேறிய விசைப்பலகை, பிடி தளர்ந்த ஜாய்ஸ்டிக். எல்லாம் ஒரு பிளாப்பி வட்டுக்காக. பள்ளி நாட்களில் அவளும் தங்கையும் சேர்ந்து எழுதிய விளையாட்டு அதில் இருந்தது. மாளிகை வாசலில் ஒரு காவல்காரன். அவன் பேசுவதை மட்டும் அப்பா ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தானே தட்டிக்கொடுத்தார். படித்துவிட்டு அக்காளும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தது அவளுக்கு நினைவிருக்கிறது. என்ன படித்தார்கள் என்பதுதான் மறந்துபோயிற்று.

3
பிளாப்பியின் மூடியை நகர்த்திப் பார்த்தாள். தகட்டில் வெள்ளைப் புள்ளிகள். பூஞ்சை.*

* தினமும் நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லில் பூஞ்சை பார்க்கிறவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

துடைத்தாள், புள்ளி போயிற்று, தழும்பு போகவில்லை. இனி ஒரு தடவை ஓடினாலே பெரிது. கணினியின் வாய் வரை கொண்டுபோனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

4
தங்கையோடு வருடக்கணக்காகப் பேச்சு இல்லை. [இங்கே ஒரு சொத்துத் தகராறு எழுதியிருந்தேன். சுலபமாக வந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது.] அப்பா போனபோது தங்கை தூர ஊரில் நிறைமாதம். தாங்கமாட்டாள் என்று, எல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா சொன்னாள்.

“முகத்தக்கூடப் பாக்க விடல இல்ல?” என்று போனை வைத்தவள்தான் தங்கை.

அவளைக் கல்நெஞ்சுக்காரியாக்கப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை.

5
அக்காவே போன் செய்தாள்.

“நம்ம பிளாப்பி கெடச்சிருச்சு. ஒரு தடவதான் ஓடும்போல. நான் போடல.”

“ஏன் போடல?”

“அப்பாவக் கடைசியா நான் மட்டும் பாத்தேன். இதையும் நான் மட்டுமே பாக்கணுமா?”

[தங்கையை இங்கே அழவைக்கலாம். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டதாம், அதோடு விடுகிறேன்.]

“தொடாத,” என்றாள் தங்கை. “வர்றேன்.”

6
வந்தாள். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு நேரே அந்த அறைக்குப் போனாள். அக்கா உட்கார்ந்திருந்தாள். வேறு நாற்காலி இல்லை.

“தள்ளிக்கோ.”

அத்தனை வருடம் கழித்து நேரில் பேசிய முதல் பேச்சு. அக்கா தள்ளினாள். பாதிப்பாதியாக, தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். பிளாப்பியைத் தங்கைதான் உள்ளே தள்ளினாள்.

முடிவு அ: காவல்காரன் பேசுகிறான். [அப்படியானால் அவர்கள் அப்பாவின் சொற்களை நான் புனைய வேண்டும். எனக்கு ஏது உரிமை?]

முடிவு ஆ: கரகரவென்று ஒரு சத்தம், வெறும் திரை, இருவரும்… [கை வரவில்லை.]

“ஓடிச்சா?” என்று கதை சொன்னவளையே கேட்டேன்.

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள,” என்று பஞ்சை என் முழங்கையில் அழுத்தினாள். “கைய மடக்கி வச்சுக்கங்க.”

மடக்கிக்கொண்டேன். காவல்காரன் வாயைத் திறந்தானா, திறந்திருந்தால் என்ன சொன்னான் என்பதை உங்கள் அப்பாவின் குரலில் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.