குளிரடிக்கிற கேக்

...கடையில் ஒன்று வாங்கி நம் தட்டில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, இதைச் சொல்லத்தான் வெர்னா காரை அணைக்காமல்கூட உள்ளே ஓடிவந்தாளா, சொல்லட்டும், மார்லிஸ் தகரப் பாத்திரத்திலிருந்த கேக்கின் மேல் கிரீமைத் தடவிக்கொண்டே இருந்தாள், எப்போதோ சமமாகிவிட்டது, வெர்னா பிட்டுத் தின்ற மூலைகூட மூடிவிட்டது, ஆனாலும் கத்தியைக் கீழே வைக்க மனமில்லை. சமையலறை முழுக்கப் பெப்பர்மின்ட் நெடி. கண் எரிந்தது. கிறிஸ்துமஸ் மிட்டாய்க்குச் சொட்டுச் சொட்டாக விடுகிற எண்ணெய், அது அரைக் கரண்டி... வெனிலா புட்டியும் அதுவும் ஒரே அலமாரித் தட்டில், ஒரே பழுப்பு நிறத்தில் நின்றால் ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? "பல்லு விளக்கின மாதிரி இருக்குடி," என்றாள் வெர்னா. "சர்ச் விருந்துல இதையா வைக்கப்போற? எங்க கேரல் கேக்குன்னா பாதிரியாரே தட்டோட வரிசையில நிப்பாரு." கேரல், வெர்னாவின் தங்கை, ஜூனியைப் பெற்றவள், இறந்து மூன்று வருடமாகிறது, இந்தத் தகரம்கூட அவளுடையதுதான், அடியில் ஒட்டிய பட்டையில் அவள் பெயர் எத்தனை கழுவியும் அழியவில்லை. நான் என்ன அழிக்கவா பார்த்தேன்? கழுவினேன், அவ்வளவுதான். ஜூனியின் அப்பா கார்டைக் கல்யாணம் செய்து ஒரு வருடம் ஆன பிறகும் இந்த ஊருக்கு நான் 'கார்ட் கட்டிக்கிட்டு வந்த பொண்ணு', சரி, வந்த பொண்ணின் கேக்கையும் ஒரு நாள் தின்று பார்க்கட்டுமே.

"பெரியம்மா, வாயைத் தொறந்து மூச்சு இழுத்துப் பாரு," நாற்காலிமேல் நின்ற ஜூனி நாக்கை நீட்டிக் காட்டினாள், முழங்கை வரை மாவு. "குளிரடிக்கும்! நானும் மார்லிஸும் செஞ்ச குளிரடிக்கிற கேக்கு!" வெர்னாவின் முகம் கோணியது, சிரிப்பா அது? "பிள்ளை பேரச் சொல்லி நீ தப்பிச்சிக்கிற," என்றாள். "தப்பிக்கல. என் பேரும் எழுதித்தான் வைப்பேன். யாருக்கு வேணாமோ அவங்க பூசணி இனிப்பு சாப்பிடட்டும், வண்டியை எடுங்க," தன் குரலா இது என்று மார்லிஸுக்கே ஆச்சரியம், ஆனால் பின்வாங்கவில்லை, மூடியை அழுத்தி மூடினாள்.

காரில் தகரம் மடியில் சூடாக இருந்தது, பக்கத்தில் ஜூனி, வெளியே அறுத்து முடித்த கோதுமை வயல், எவ்வளவு ஓட்டினாலும் தீராத வயல். ஒரு துண்டுகூடப் போகாமல் மேசையில் நின்றால்? நிற்கட்டும், நானும் அதன் பக்கத்திலேயே நிற்பேன், பிள்ளை முகம் வாடினால் நானே முதல் துண்டைத் தின்பேன், கண்ணில் தண்ணீர் வந்தாலும் முழுசாக... ஜூனி தகரத்தின் மேல் கன்னத்தை வைத்தாள். "அம்மா கேக்கு மாதிரியே வெனிலா ஊத்தணும்னுதான் நெனச்சேன்," என்றாள் மெல்ல. ஆமாம், அப்படித்தான் கேட்டாள், மூடியைத் திறந்து, கரண்டியைப் பிடித்துக்கொண்டு, இதுதானே வெனிலா என்று, அப்போதே நெடி மூக்கில் ஏறியதே, ஊற்றும் முன்பே ஏறியதே, நான் என்ன சொன்னேன்? 'ம்' என்றேன். அந்தக் கை அவ்வளவு பெருமையாக நீண்டிருந்தது, அதைத் தடுக்க மனம் வரவில்லை... அதனால்தானா? அதனால் மட்டும்தானா? "ஐயோ, தாங்கல," என்று வெர்னா சன்னலை இறக்கினாள், காற்று குளிர்ந்து உள்ளே வந்தது, மார்லிஸின் விரல் தகரத்தின் அடியில் அந்தப் பட்டையைத் தடவிக்கொண்டே வந்தது.