சம்பந்தி வீட்டு மேசையில் கடுக்காய்த் தண்ணீர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ராஜமாணிக்கத்தின் வீட்டு நாற்காலியில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். போன பொங்கலுக்கு வந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் உட்கார்ந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டே வாசல்வரை போய், அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தனை பளபளப்பு. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கடை பாலிஷ் எதையும் ராஜமாணிக்கம் வீட்டுக்குள் விடுவதில்லை. நாற்காலிக்குத் தேங்காயெண்ணெயில் உருக்கிய தேன்மெழுகு. பீரோ கண்ணாடிக்கு எலுமிச்சைத் தோல் ஊறிய வினிகர். மேசைக்குக் கடுக்காய் ஊறிய தண்ணீர். அந்த வாசனை பட்டால் கரையான் ஓட்டம் பிடித்து, நெல்லிக்குப்பம் தாண்டித்தான் மூச்சு வாங்க நிற்கும்.

இப்பேர்ப்பட்டவர் சிதம்பரத்தில் மகள் கயல்விழி வீட்டுக்கு வந்து, அங்கே ஒரு மேசையைப் பார்த்துத் தொலைத்தார்.

வெளிர் தேக்கு மேசை. கயல்விழியின் மாமியார் தில்லையம்மாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, தன் விருப்பத்துக்கு நின்று செய்வித்தது. அந்த வீட்டில் மற்றதெல்லாம் தில்லையம்மாளின் மாமனார் வாங்கியது, கணவர் வாங்கியது. இது ஒன்றுதான் அவருடையது. அதன் நடுவில் சூடான பாத்திரம் வைத்த வட்டக் கறை ஒன்று இருந்தது. ராஜமாணிக்கத்தின் கண்ணுக்கு அது வண்டிச் சக்கரம் அளவுக்குத் தெரிந்தது. ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெண்ணின் அப்பா குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்கக் கூடாது. துணியை எடுத்தால், உங்கள் வீடு அழுக்கு என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மூன்று வேளையும் கறையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குமராட்சிக்கு ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினார்கள். ராஜமாணிக்கத்துக்குத் திடீரென்று வயிறு சரியில்லாமல் போயிற்று. கார் தெருமுனை திரும்பியதும் வயிறு சரியாயிற்று. கீழவீதி நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் வாங்கிவந்தார். கடலூரில் மண்சட்டியில்தான் ஊறவைப்பார். இங்கே மண்சட்டிக்கு எங்கே போவது? மகளின் இரும்புச் சட்டியில் போட்டுக் கொதிக்கவிட்டார். வழக்கமாக டீ நிறத்தில் வரும் தண்ணீர் கருநீலமாக வந்தது.

"சிதம்பரத்துத் தண்ணிக்கு வீரியம் ஜாஸ்தி" என்று சந்தோஷப்பட்டு, மேசை முழுக்க ஒரு அங்குலம் விடாமல் பூசினார்.

காபி போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது மேசை கறுத்திருந்தது. அங்கங்கே திட்டுத் திட்டாக, புயலுக்கு முந்தின கடலூர் வானம் மாதிரி. தண்ணீர் விட்டுத் தேய்த்தார். கறுப்பு பரவியது. அப்போதுதான் உறைத்தது: கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மேசைக்கு மை பூசிவிட்டார். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வந்த தில்லையம்மாள் மேசை முன்னால் நின்றார். கத்தவில்லை. கையால் ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"யார் வேல இது?"

கயல்விழி மூக்கை உறிஞ்சினாள். அவள் பிறந்து வளர்ந்த வீட்டு வாசனை. அப்பாவைப் பார்த்தாள். ராஜமாணிக்கத்தின் பல் வரைக்கும் வந்த வார்த்தை அங்கேயே நின்றது.

"நான்தான் அத்த" என்றாள் கயல்விழி. "கெளம்பற அவசரத்துல கடுக்காத் தண்ணி போட்டுத் தொடச்சேன். இப்புடி ஆவும்னு தெரியல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? இந்த வூட்ல எனக்குன்னு இருந்தது இது ஒண்ணு. அதுவும் உன் கண்ணுக்குப் பொறுக்கல, இல்ல?" என்றார் தில்லையம்மாள். பிறகு சம்பந்தி இருப்பது நினைவுக்கு வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க, மனசு கேக்கல" என்றார்.

ராஜமாணிக்கம் செய்தித்தாளை மடித்தார். "சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிருக்கும். மன்னிச்சிடுங்க."

அவர் வாயிலிருந்துதான் அது வந்தது. கயல்விழி அவரை ஒரு முறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அரைமணி நேரத்தில் ராஜமாணிக்கம் பையைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஜன்னலோரம், நல்ல காற்று. ஆனால் 'சின்னப் பொண்ணு' என்ற வார்த்தை பஸ் இஞ்சினைவிடச் சத்தமாகக் காதில் ஓடியது. பு.முட்லூர் வந்ததும் எழுந்துவிட்டார்.

"கடலூருக்கு டிக்கெட் வாங்கிட்டு இங்க எறங்கறீங்களே பெரியவரே" என்றார் கண்டக்டர்.

"சிதம்பரத்துல வுட்டுட்டு வந்துட்டேன்."

"என்னத்த, போனா?"

"பொண்ண."

கண்டக்டர் பதறி, வாய்க்குக் கொண்டுபோன விசிலைக் கீழே இறக்கினார். "எத்தினி வயசு?"

"முப்பத்தொண்ணு."

திரும்பி வந்தபோது கயல்விழி மேசைமேல் குனிந்து எலுமிச்சம்பழ மூடியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தில்லையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்திம்மா, அத செஞ்சது நான்" என்றார் ராஜமாணிக்கம், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"பொண்ண வுட்டுக்குடுக்க முடியாம சொல்றீங்க. எந்த ஊர்ல சம்பந்தி வந்து மேச தொடைக்கறாரு?"

நம்பவே மாட்டேன் என்கிறார். உண்மையைச் சொல்லி நம்பவைக்க, சொல்லக் கூடாததையும் சொல்ல வேண்டியதாயிற்று. "நடுவுல வட்டமா ஒரு கற இருந்திச்சு. வந்ததுலேர்ந்து கண்ண உறுத்திச்சு. நீங்க போனப்பறம் இரும்புச் சட்டில கடுக்கா கொதிக்க வெச்சேன்."

"அப்ப எங்க வூடு அழுக்கு."

"ஆமா. அய்யய்யோ, இல்ல."

தில்லையம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேசய வுடுங்க. இந்தப் பொண்ண நான் பேசறப்ப நீங்க இங்கதான உக்காந்திருந்தீங்க?"

"உக்காந்திருந்தேன்."

"சின்னப் பொண்ணுன்னீங்க."

"சொன்னேன்."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது ராஜமாணிக்கத்துக்கு. தில்லையம்மாள் மருமகளிடம் போய், அவள் கையிலிருந்த எலுமிச்சை மூடியை வாங்கினார். "போம்மா, போய் உக்காரு. வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கற. நான் அவ்ளோ பேசியிருக்கக் கூடாது." மூடியைச் சம்பந்தியிடம் நீட்டினார்.

ராஜமாணிக்கம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேய்த்தார். கறுப்பு அணுவளவு வெளுத்தது. இந்த வேகத்தில் அடுத்த ஆருத்ரா தரிசனத்துக்குள் ஒரு மூலை தெளிந்துவிடும். கயல்விழி உள்ளேயிருந்து இன்னும் நாலு பழம் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"அழுத்தித் தேய்ங்கப்பா."

எலுமிச்சையோடு கல்லுப்பு சேர்த்தால் சீக்கிரம் போகும் என்று நாக்கு நுனியில் வந்துவிட்டது. இரண்டு பெண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு தேய்த்தார்.