கடைசியாய்த் தெளியும் கிணறு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை, பெற்றோல் தேடித்தான் போனேன். ஏறாவூருக்குள் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த பெற்றோல் செட்டைச் சுற்றித் தகரவேலி. உள்ளே பெரிய குழி. பக்கத்து வளவில் விடாமல் இரைகிற ஒரு மோட்டர். அங்கே தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டு ஷாகிரா பால் விடாத தேநீர், பிளேன்ரியே ஊற்றித் தந்தாள்.

"பயப்படாமக் குடிங்க தம்பி. இது எங்கட கிணத்துத் தண்ணியில்ல."

இவ்வளவையும் நான் எழுதுவது அந்தப் பேச்சால்தான்.

2

முதல் தொடக்கம்: "வாவியின்மேல் நிலவு மெல்ல..." வேண்டாம். பெற்றோல் நாறும் கதைக்கு நிலவு எதற்கு?

இரண்டாவது: "நல்லரத்தினம் ஈவிரக்கமில்லாத..." இதுவும் சரிவரவில்லை. நல்லரத்தினம் அந்தச் செட்டின் முதலாளி. அவரை வில்லனாக்க எனக்கு ஆசைதான். ஆனால் நிலத்தடித் தாங்கி துருப்பிடித்து ஒழுகுகிறது என்று தெரிந்ததும் செட்டைப் பூட்டி, தாங்கியையும் நாறிய மணலையும் தோண்டி எடுப்பித்தவர் அவர். [அதுவரை தாங்கியைத் திரும்பியும் பாராதவரும் அவரேதான். இதை வெட்டமாட்டேன்.]

மூன்றாவது: ஷாகிரா கிணற்றை இறைத்தாள். இது நிற்கட்டும்.

3

ஷாகிராவுக்கு ஒரே மகள், பஸ்னா. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு, வளவும் கிணறும் சேர்த்து.* மாப்பிள்ளை பேசி முடித்த நேரம் பார்த்தா கிணறு நாற வேண்டும்?

ஷாகிரா கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஆளில்லை. கிணறு பழுதென்றால் இறைப்பதுதான் இங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். மோட்டர் பூட்டி அடிமணல் தெரிய இறைத்தாள். ஊறிவந்த தண்ணீர் முன்னையைவிட நாறியது. திரும்பவும் இறைத்தாள். இன்னும் மோசம். கண்ணூறு என்றார்கள் சிலர். அதற்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, திரும்பவும் இறைத்தாள்.

*சீதனம்தானே என்று முகம் சுளிக்கிற வாசகர் சுளிக்கலாம். அந்தச் சண்டைக்கு இந்தக் கதையில் இடம் போதாது.

4

மண்ணையும் நிலத்தடித் தண்ணீரையும் சுத்தப்படுத்த வந்த பொறியியலாளர் துசாந்தினி, கிணற்றுக்கட்டில் சாய்ந்து நின்று விளக்கினாள்.

"பெற்றோல் மணலுக்குள்ள, தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிண்டது அக்கா. நீங்க இறைக்க இறைக்கச் சுத்திவரக் கிடந்த தண்ணியெல்லாம் இங்க ஓடிவந்திருக்கு. அதோட பெற்றோலும்."

"அப்ப நான்தான் இழுத்துக் கொண்டுவந்தனா?"

ஷாகிரா, மகளின் கிணற்றை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

[இங்கே ஆறுதல் வார்த்தைகள் ஒரு பந்தி இருந்தன. வெட்டிவிட்டேன். துசாந்தினி ஆறுதல் சொல்லவில்லை, கிணற்றைக் கேட்டாள்.]

"இந்தக் கிணறுதான் எனக்கு வேணும். நீங்க செஞ்சதையே நாங்க விடாமச் செய்வம். ஆனா இழுக்கிற தண்ணியச் சிரட்டைக்கரித் தாங்கிக்குள்ள விட்டுச் சுத்தமாக்குவம். பெற்றோல் முழுக்க இங்க வந்து சேர, ஒழுங்கையில நாறிற மத்தக் கிணறெல்லாம் தெளிஞ்சிரும்."

"என்ட கிணறு?"

"கடைசியாத்தான் அக்கா."

"எல்லாருக்கும் தெளிஞ்சு முடிஞ்சாத்தான் என்ட புள்ளைக்கா? நல்ல ஞாயம்தான் மிஸ்!"

சடாரென்று உள்ளே போனாள். நான் இங்கே அவளை நெடுநேரம் யோசிக்கவைக்க நினைத்தேன். ஆனால் அடுப்படியில் பஸ்னா ஒன்றுதான் கேட்டாளாம்: "இறைக்காம மூடிவெச்சா மட்டும் எனக்கு நல்ல கிணறு கிடைக்குமா உம்மா?"

ஷாகிரா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பக்கத்து வீட்டுக் கிணறெல்லாம் நாறக்கொள்ள நான் கலியாணச் சோறு ஆக்கிறதா? பூட்டுங்க மோட்டர."

5

மோட்டர் ஓடியது. மாரி வந்து போனது. முதலில் தெளிந்தது ஒழுங்கை முனையிலிருக்கும் கனகமணியின் கிணறு. பரிசோதனை முடிவு வந்த அன்றே அவள் இடுப்பில் ஒரு குடத்தோடு வந்து நின்றாள்.

"இந்தாகா, உன்ட கிணறு சுத்தமாக்கித் தந்த தண்ணி."

பிறகு தெளிந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குடம் வந்தது, இன்னும் வருகிறது. நான் குடித்த பிளேன்ரி அந்தத் தண்ணீரில்தான் போட்டது.

மாப்பிள்ளை வீட்டாரும் பொறுத்திருக்கிறார்கள். [இது நம்பக்கூடிய மாதிரி இல்லையே என்று திரும்பக் கேட்டேன். "அவருக்குக் கட்டார்ல வேலை, லீவு கிடைக்கல்ல" என்று பஸ்னா சிரித்தாள்.]

6

முடிவுக்கு இரண்டு எழுதினேன். ஒன்றில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கலியாண விருந்து. மற்றதில் ஒரு மாரி போய் இன்னொரு மாரி வந்தும் மோட்டர்... இரண்டையும் கிழித்துவிட்டேன். நடந்தது இதுதான். நான் புறப்பட, ஷாகிரா தன் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் கிணற்றுக்கட்டில் என் முன்னால் வைத்தாள்.

"சோதிக்கக் கொண்டுபோயிரிக்காங்க, முடிவு வரல்ல. என்ட மூக்கு பழகிப்போயிட்டு தம்பி. மணக்காட்டியும் மணக்கிற மாதிரி இரிக்கு. நீங்க ஒருக்கா மணந்து பாருங்க."

குனிந்தேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. ஆனால் இவ்வளவு தூரம் எழுதிவிட்டு, இந்தத் தண்ணீர் தெளிந்துவிட வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிற என் மூக்கை எப்படி நம்புவது? நகர்ந்து உங்களுக்கு இடம் விடுகிறேன்.

வாருங்கள். கிணற்றுக்கட்டில் கைவைத்துக் குனியுங்கள். பஸ்னா பின்னால் நிற்கிறாள், அவளுக்காகப் பொய் சொல்லவேண்டாம். மெதுவாக மூச்சை இழுங்கள்.

ஷாகிரா உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.