பச்சைக் கோடு

எங்கள் வானியல் மன்றத்தில் பச்சை லேசர் வருவதற்கு முன்னால், ஒரு நட்சத்திரத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஆளோடு ஆள் ஒட்டி நின்றாக வேண்டும். நான் கையை நீட்டுவேன். என் மனைவி என் தோளில் கன்னத்தை வைத்து, என் விரல் நுனிக்கு நேராகப் பார்ப்பாள். "இதுவா?" என்பாள். "அதுக்குப் பக்கத்துல மங்கலா இருக்கு பாரு" என்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் காதல் என்று ஏதாவது நடந்தது என்றால் அது மன்றம் கூடும் நூலகத்து மொட்டை மாடியில்தான் நடந்தது. வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை சரியாக இருக்கும்.

அப்புறம் லிஃப்ட்டு வந்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், அதனால் மன்றத்தில் அந்தப் பெயர். நெட்டையாக, எப்போதும் கறுப்புத் துணித் தொப்பியோடு, யார் என்ன சொன்னாலும் "அப்படியா!" என்று கேட்டுக்கொள்ளும் ஆள். வந்த புதிதிலேயே பையிலிருந்து ஒரு அலுமினியக் குழாயை எடுத்தான். டார்ச்சின் உடம்புக்குள் லேசரை வைத்து அவனே செய்தது. லிஃப்ட் பலகையில் இருக்கும் சாவித் துளையை அதில் பொருத்தியிருந்தான். சாவி போட்டுத் திருப்பினால்தான் உயிர் வரும், பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் எரியும், விட்டால் அணைந்துவிடும். அழுத்தினான். மாடியிலிருந்து வானம் வரை மெல்லிய பச்சைக் கோடு ஒன்று போய் நட்சத்திரத்தைத் தொட்டு நின்றது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். என் மனைவி கைதட்டினாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அன்றோடு யாருக்கும் யார் தோளும் தேவைப்படவில்லை. அவரவர் இடத்தில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார்கள். நான் நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

சும்மா சொல்லக் கூடாது, பயல் ஒழுங்குக்காரன். ஐந்து மில்லிவாட்டுக்கு மேல் மன்றத்தில் எந்த லேசரும் கூடாது, ஆள் தலைக்குக் கீழே கோடு இறங்கக் கூடாது, சாவி ஒருத்தரிடம்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டான். அழுத்துவதற்கு முன்னால் "வானம்?" என்று கேட்க வேண்டும். காவலுக்கு நிற்கிறவர் நாலு பக்கமும் பார்த்து, விமானம் எதுவும் இல்லையென்றால் "காலி" என்று சொல்ல வேண்டும். லேசர் எரிகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விமானி கண்ணில் அந்த வெளிச்சம் பட்டால் உள்ளே கண்ணாடி முழுக்கப் பச்சையாகப் பரவி, அவருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. விளையாட்டு இல்லை. காவல் வேலையை என் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் கேட்பான், "வானம்?" இவள் சொல்வாள், "காலி." ஏதோ இரண்டு பேரும் சேர்ந்து பாட்டுப் பாடுவது போல இருக்கும் எனக்கு.

இவளை "அக்கா" என்பான். என்னை "அண்ணே" என்பான். அது எந்த ஊர் முறை? இவள் அக்கா என்றால் நான் அத்தான். நான் அண்ணன் என்றால் இவள் அண்ணி. முறை தெரியாத பயல் என்று வீட்டில் சொன்னேன்.

"உங்களுக்கு அவன் முறை தப்பா கூப்பிடுறது பிரச்சனையா, கூப்பிடுறதே பிரச்சனையா?" என்றாள்.

"எனக்கென்ன பிரச்சனை? ஒரு பிரச்சனையும் இல்ல."

"அப்ப அந்தத் தட்ட ஏன் இப்படிப் போட்டுக் கழுவுறீங்க? உடைஞ்சிடப் போகுது."

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கொஞ்ச நாளாக அவன் இவளை விட்டு நகர்வதே இல்லை. மாடிக்கு வந்தால் இவளுக்கு இடப்பக்கம் போய் நின்றுகொள்வான். இவள் நகர்ந்தால் அவனும் நகர்வான். படியில் இறங்கும்போது முன்னால் போய், "அக்கா, இங்க ஒரு படி" என்பான். இவள் என்ன, படி தெரியாதவளா? இருவரும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். ஒரு தடவை, "என்ன ரகசியம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே, லிஃப்ட் கதை" என்றான். இவள் குனிந்து செருப்பை மாட்டினாள். இவளைப் பற்றி நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் என்னிடம் சொல்லாத ஒன்றை இவள் அவனிடம் சொல்கிறாள், அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

சரி, உன் லேசரை விட நல்ல லேசர் செய்து காட்டுகிறேன் என்று இறங்கினேன். நான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். லென்ஸ் தேய்ப்பதில் பாதி ஆயுள் போயிருக்கிறது. எனக்குத் தெரியாத வெளிச்சமா? கடையின் பின்னறையில் உட்கார்ந்து செய்தேன். ஒளி தெறித்துக் கண்ணில் படாதிருக்க, மேசையில் பளபளக்கும் சாமான் ஒன்றுகூட இல்லாமல் எடுத்தேன், கைக்கடிகாரத்தைக் கழற்றினேன், பச்சையை மட்டும் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன், கறுப்பு அட்டை மேல்தான் ஒளியை விழவைத்தேன். மலிவான பச்சை லேசர்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து கசியும். அதைத் தடுக்க வடிகட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தினேன். கண் விஷயத்தில் நான் விளையாட மாட்டேன்.

ஆனால் இரண்டு காரியம் செய்தேன். மன்றத்துச் சட்டத்தை விடப் பல மடங்கு பலமான லேசரை வாங்கிப் போட்டேன். அவன் கோடு நூல் என்றால் என் கோடு கயிறாக இருக்க வேண்டும். இன்னொன்று, பட்டன். அவன் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும், விரல் வலித்தால் பேச்சும் நின்றுவிடும். நான் ஒரு தட்டுத் தட்டினால் எரிந்துகொண்டே இருக்கும், இன்னொரு தட்டுத் தட்டினால் அணையும் சுவிட்சைப் போட்டேன். கையை ஆட்டி ஆட்டி நிதானமாகப் பேசலாம் பாருங்கள்.

பொதுமக்களை அழைத்து வானம் காட்டும் மாலை வந்தது. இருட்டத் தொடங்கிய நேரம், மாடி நிறைய ஆட்கள். "இன்னைக்கு நான் நடத்துறேன்" என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். லிஃப்ட்டு வழக்கம் போல இவளுக்கு இடப்பக்கம் வந்து நின்றான்.

"தம்பி, நீ அந்தத் தண்ணித் தொட்டிகிட்டப் போ. அங்க டெலஸ்கோப்புக்கு ஆள் இல்ல."

"அண்ணே, அக்கா பக்கத்துல ஒருத்தர் நின்னா நல்லதுண்ணே."

"ஏன், என்னைப் பாத்தா ஒருத்தனா தெரியலையா?"

அவன் இவளைப் பார்த்தான். இவள், "பரவால்ல, நீ போ தம்பி" என்றாள். கட்டின புருஷன் நான் சொல்லியும் போகாதவன் இவள் சொன்னதும் போகிறான். எனக்குக் காதில் புகை வராத குறை.

"வானம்?" என்றேன்.

இவள் சுற்றிப் பார்த்தாள். "காலி."

தட்டினேன். அடேயப்பா, கோடா அது! கூட்டம் மொத்தமும் "ஆ" என்றது. நான் ஒவ்வொரு நட்சத்திரமாகத் தொட்டுத் தொட்டுப் பேசினேன். பேச்சும் அன்றைக்கு எனக்கு அருவியாக வந்தது. ஓரக்கண்ணால் இவளைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்த்துத்தான். நான் தலைகால் புரியாமல் அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவினேன்.

"அண்ணே, அணைங்க!" தொட்டிப் பக்கத்திலிருந்து கத்தினான் லிஃப்ட்டு. "இடது பக்கம்! அணைங்கண்ணே!"

பொறுக்கவில்லை பயலுக்கு என்றுதான் முதலில் தோன்றியது. நான் அணைக்கவில்லை. இவளிடம், "வானம்?" என்று சத்தமாகக் கேட்டேன், அவன் காதில் விழட்டும் என்று.

"காலிதான்" என்றாள் இவள்.

"கேட்டுக்கிட்டியா?" என்று அவன் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் பார்த்தேன். விமானம். இடப்பக்கம், தாழ்வாக, விளக்குகள் சிமிட்டியபடி இறங்கி வந்துகொண்டிருந்தது. என் கோட்டை நோக்கித்தான் வந்தது. சட்டென்று விரலை எடுத்தேன். அணையவில்லை. எப்படி அணையும்? பிடித்திருந்தால் எரிகிற பட்டனா போட்டேன்? பதற்றத்தில் தட்டினேன், அணைந்தது. அதே வேகத்தில் இன்னொரு முறை தட்டிவிட்டேன் போலிருக்கிறது, மறுபடியும் எரிந்தது. கையைக் கீழே இறக்கவும் முடியாது, கீழே கூட்டம். அதற்குள் லிஃப்ட்டு ஓடி வந்து தன் தொப்பியைக் கழற்றிக் குழாயின் வாயில் கவிழ்த்துப் பொத்திக்கொண்டான். அதற்கப்புறம்தான் என்னால் ஒழுங்காகத் தட்டி அணைக்க முடிந்தது. விமானம் ஒன்றும் ஆகாமல் எங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது.

"எங்க? எங்கேர்ந்து வந்துச்சு?" என்று இவள் கேட்டாள்.

கேட்டுக்கொண்டே வலப்பக்கம் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். பிறகு தலையை முழுதாக, தோளோடு சேர்த்து இடப்பக்கம் திருப்பினாள். விமானம் போய்விட்டிருந்தது. கண்ணை மட்டும் ஓட்டாமல் தலையையே திருப்பித் தேடுகிறவர்கள் கடைக்கு வருவார்கள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு வருவார்கள். நேரே இருக்கும் பொடி எழுத்தைக் கடகடவென்று படிப்பார்கள், பக்கத்தில் நாற்காலி இருப்பது தெரியாது. அவர்களுக்கு நான் கண்ணாடி கொடுப்பதில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று விரட்டுவேன். போன பார்வை திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

கூட்டத்தை மன்றத்து ஆட்கள் கீழே அனுப்பினார்கள். லிஃப்ட்டு என் கையிலிருந்து குழாயை வாங்கி பேட்டரியைக் கழற்றினான். திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இவ கண்ணு விஷயம் உனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன்.

"கண் ஆஸ்பத்திரி லிஃப்ட் என் பொறுப்புண்ணே. அக்காவை அங்கதான் பாத்தேன், சொட்டு மருந்து வாங்கிட்டு நின்னாங்க. யார்ட்டயும் சொல்லாதேன்னாங்க. காவலை விட்டுருங்கக்கான்னேன், மனசு வரலைன்னாங்க. சரி, இடது பக்கத்தை நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்." தொப்பியை உதறினான். "இன்னைக்கு நான் போயிருக்கக் கூடாதுண்ணே. தப்பு என்னுது."

அனுப்பியது நான். அதை அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாகப் போயிருக்கும். டெலஸ்கோப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

இவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. "காலின்னு சொன்னேனே" என்றாள். "ரெண்டு தடவை சொன்னேனே. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா?"

"விமானம் போயிடுச்சு. ஒண்ணும் ஆகல. அந்தச் சுவிட்ச் என் வேலை, அவனை அனுப்பினதும் என் வேலை. நீ அதை விடு. ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா? எந்த டாக்டர்? அழுத்தம் எவ்வளவு சொன்னாங்க? ரெண்டு கண்ணுமா, இடது மட்டுமா?" கேட்டுக்கொண்டே அவள் முன்னால் குனிந்தேன். "என் மூக்கையே பாரு. அசையாத." இடது காதுக்குப் பக்கத்தில் விரலை வைத்து ஆட்டிக்கொண்டே மெல்ல முன்னால் கொண்டு வந்தேன். "எப்பத் தெரியுதுன்னு சொல்லு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். விரல் கன்னத்தைத் தாண்டி, கிட்டத்தட்டக் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. "தெரியுதா?" என்றேன்.

"இதுக்குத்தான் சொல்லல" என்றாள்.

விரலை இறக்கினேன்.

"கடைக்கு வர்றவங்களைப் பாக்குற மாதிரியே என்னையும் பாப்பீங்கன்னுதான் சொல்லல. சொன்ன அன்னைக்கே வீட்டுல எழுத்து அட்டையை மாட்டிப் படிக்கச் சொல்லுவீங்க. மாடிக்கு வராதம்பீங்க. அவன் பாத்தப்ப ஆஸ்பத்திரியில என்ன கேட்டான் தெரியுமா? அழுத்தம் எவ்வளவுன்னு கேக்கல. 'பயமா இருக்காக்கா?'ன்னு கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். நான் அங்கயே அழுதுட்டேன்."

எனக்குப் பொறாமை எழுந்தது பாருங்கள், அப்படி ஒரு பொறாமை அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. லேசரை விட்டுத்தள்ளுங்கள், படியை விட்டுத்தள்ளுங்கள். நான் கேட்க வேண்டிய கேள்வியை அவன் கேட்டுவிட்டான். இனி நான் என்ன கேட்டாலும் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். இதை விட நல்ல கேள்வி ஒன்று இருக்காதா என்று நின்று யோசித்தேன். இல்லை. அதுதான் கேள்வி.

இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள்.